தைப்பூசத்தன்று தெரியாத பூசம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் தைப்பூசச் சிறப்புப் பக்கம் படித்தேன். காவடி, பாதயாத்திரை, அன்னதானம் எல்லாம் இருந்தன. பூசம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

நான் பூசத்தில் பிறந்தவன். 'கடக ராசி, பூச நட்சத்திரம்' என்று ஐம்பது வருடமாக அர்ச்சனைக்குச் சொல்லி வருகிறேன். அதைக் கண்ணால் பார்த்தது மூன்று வருடம் முன்புதான். பழனிக்கு நடப்பவர்கள் எங்கள் கடை வாசல் வழியாகத்தான் போவார்கள். தைப்பூசத்தன்று அண்ணாந்து பார்த்தால் நிலாதான் தெரியும். முழுநிலா பூசத்தை ஒட்டி நிற்பதால்தான் அது தைப்பூசம். அந்த வெளிச்சமே பூசத்தை மறைத்துவிடுகிறது.

பத்து நாள் பொறுத்து, நிலா எழுவதற்கு முன், இரவு 9 மணிக்குக் கிழக்கே பாருங்கள். புனர்பூசத்தின் ஜோடி விண்மீன்களுக்கும் மகத்துக்கும் இடையில் மங்கலாக ஒரு புகைத்திட்டு இருக்கும். அதுதான் பூசம். டவுனில் விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. மாமனார் ஊரில் முருங்கைத் தோட்டத்துக்கு நடுவே கயிற்றுக்கட்டிலில் மல்லாந்து படுத்துதான் நான் பார்த்தேன். 10 மடங்கு பெருக்கும், 50 மி.மீ. வில்லை போட்ட சாதாரண பைனாகுலர். கண்ணில் வைத்ததும் புகை பொடிப்பொடியாக உதிர்ந்து விண்மீன்களானது. 38 வரை எண்ணினேன். கலிலியோ தன் தொலைநோக்கியில் இதே விண்மீன் கொத்தைப் பார்த்து, 40-க்கும் மேல் இருப்பதாக 1610-இல் எழுதியிருக்கிறார். மொத்தம் ஏறத்தாழ ஆயிரம். எல்லாம் ஒரே வாயு மேகத்தில் பிறந்தவை. சுமார் 600 ஒளியாண்டு தூரம். நான் பார்த்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது இங்கே விஜயநகர ஆட்சி.

மச்சினன் மகனின் டெலஸ்கோப்பிலும் பார்த்தேன். மூன்று நிலா அகலத்துக்குப் பரந்து கிடக்கும் கொத்து அதில் முழுசாக அடங்கவில்லை. இதற்குப் பைனாகுலர்தான் சரி.

பஞ்சாங்கக் கட்டத்தில் தினமும் அன்றைய நட்சத்திரத்தைப் போடுகிறீர்கள். மாதம் ஒருமுறை, அமாவாசையை ஒட்டி, அவற்றில் ஒன்றை வானத்தில் கண்டுபிடிக்கச் சின்னதாக ஒரு படமும் போடுங்கள் ஐயா. முதல் படம் பூசமாக இருக்கட்டும். மாசி அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
தையல் கடைக்காரர் ஒருவர்,
ஒட்டன்சத்திரம்.