லயமா, லாயமா?

சுங்கை பட்டாணி, மலேசியா

அன்புள்ள மாரிமுத்து,

தீபாவளிக்கு வந்த உன் கடிதத்திற்குத் தைப்பூசம் கழிந்த பிறகுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

என்னை எழுத வைத்தவன் பேரன். பத்துமலையின் 272 படிகளையும் ஏறி முடித்தவன், "தாத்தா, மற்ற ஒன்பது மலைகள் எங்கே?" என்று கேட்டான். மலாய் மொழியில் ‘பத்து’ என்றால் கல் என்றும், அருகில் ஓடும் சுங்கை பத்து ஆற்றின் பெயரே மலைக்கும் வந்தது என்றும் சொன்னேன். அப்படியானால் நம் ஊரில் பட்டாணி எங்கே விளைகிறது என்றான். அந்தப் ‘பட்டாணி’ மலாய் மொழியின் ‘பெத்தானி’, அதாவது விவசாயி என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், "முருகனுக்கு இது பத்தாவது மலை, பிள்ளைக்குச் சரியாகச் சொல்லுங்கள்" என்று என்னைத் திருத்தினார். சந்நிதியில் நின்று மறுத்துப் பேச எனக்குத் துணிவு வரவில்லை. நீயாக இருந்தால் பேசியிருப்பாய், உதையும் வாங்கியிருப்பாய்.

திரும்பும் வழியெல்லாம் நம் பழைய வழக்கே நினைவில் ஓடியது. ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வெள்ளைக்காரன் வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு வைத்த ‘லைன்’ என்ற பெயரே ‘லயம்’ ஆயிற்று என்று நானும், குதிரை கட்டும் லாயம்தான் அது என்று உன் அப்பாவும் எத்தனை நாள் மல்லுக்கு நின்றோம்! கிராமத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல் ‘கம்போங்’ கம்பமானதையும், ரப்பரைக் குறிக்கும் ‘கெத்தா’ கித்தாவானதையும் மறுக்காமல் கேட்டவர், இந்த ஒன்றில் மட்டும் கடைசிவரை இறங்கி வரவில்லை. சொல்லாராய்ச்சியில் இன்றும் நான் சொன்னதே சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஓர் அறையில் எட்டுப் பேரோடு படுத்து, அடுத்த வீட்டுக்காரர் இருமினால் விழித்து, இருட்டோடு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடிய மனிதருக்கு, லாயம் என்பதில் ஐயம் எழ நியாயமே இல்லை என்பது எனக்கு இந்த வயதில்தான் உறைக்கிறது.

லயமாவது எங்கேனும் எழுத்தில் நிற்கும். தோட்டத் துரையின் வரைபடத்தில், ரப்பர் மரப் பகுதிகளான தீம்பார்களுக்கு எண்கள்தாம் இருந்தன. பெயர்கள் நம்மவர் வாயில் மட்டுமே இருந்தன. கித்தாவை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு அவற்றைச் சொல்லவும் ஆளில்லை.

ஆற்றோரத் தீம்பாரை ‘மூக்குத்தி மேடு’ என்றார்களே, அங்கே தொலைந்தது யாருடைய மூக்குத்தி? உன் அம்மாவுக்குத் தெரியும். அவர் தெளிவாகப் பேசும் காலை வேளையில் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி அனுப்பு. உன் திருத்தம் ஒன்றும் வேண்டாம்.

அன்புடன்,
சுப்பு