ராஜுலாவும் அந்த அமெரிக்கக் கப்பலும்

நாகப்பட்டினம்

அன்புள்ள ரவி,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் என் மனைவி பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பாள். இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முட்டி வலி மட்டும் விட்டபாடில்லை. அண்ணன் மகனுக்குக் காரைக்காலில் வேலை கிடைத்து, தினமும் பஸ்ஸில் போய் வருகிறான்.

பிலடெல்பியாவில் ஆற்றோரம் துருப்பிடித்துக் கிடந்த 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' பயணிகள் கப்பலை இழுத்துப் போனதைப் பார்த்தாய் என்று எழுதியிருந்தாய். 1996 முதல் அங்கேயே நின்ற கப்பல். 2025 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தின் மொபைல் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள், புளோரிடா கடலில் மூழ்கடித்து மீன்களுக்குப் பாறையாக்க. 1952இல் நியூயார்க் பக்கத்திலிருந்து இங்கிலாந்தின் பிஷப் ராக் வரை 3 நாள், 10 மணி, 40 நிமிடத்தில் போய்ச் சாதனை படைத்ததற்கு இப்படி ஒரு முடிவா என்று வருத்தப்பட்டிருந்தாய். எனக்கும் வருத்தம்தான். அதை வடிவமைத்த கிப்ஸ் என்பவருக்குத் தீயென்றால் அவ்வளவு பயம். கசாப்புக் கட்டையும் பியானோவும் தவிர மரமே வேண்டாம் என்றாராம். செலவில் பெரும்பகுதியை அமெரிக்க அரசே கொடுத்தது. போர் வந்தால் சிப்பாய்களை ஏற்ற வேண்டும் என்பது கணக்கு.

ஆனால் 'அந்தக் காலத்து ராஜ பயணம்' என்று நீ எழுதியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சாப்பாட்டுக் கூடமும் பட்டுப் பாவாடையும் போஸ்டருக்கு நன்றாக இருக்கும். அட்லாண்டிக் கப்பல் கம்பெனிகளைப் பல காலம் தாங்கி நின்றவர்கள் கீழ்த்தளத்து ஜனங்கள். 1907இல் மட்டும் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவில் குடியேறினார்கள். ஏறக்குறைய எல்லோரும் கப்பலில் வந்தவர்கள், பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பு. 1924இல் அமெரிக்கா சட்டம் போட்டு அந்த வரவை நறுக்கியதும் கம்பெனிகள் தவித்துப் போயின. காலியான கீழ்த்தளத்துக்கு வெள்ளையடித்து, 'டூரிஸ்ட் மூன்றாம் வகுப்பு' என்று பெயர் மாற்றி, மாணவர்களையும் வாத்தியார்களையும் ஐரோப்பா சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டன. அப்புறம் 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்ட ஆரம்பித்தன. 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' 1969இல் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது.

நம் பக்கத்துக் கதை இதைவிடப் பச்சையானது. ராஜுலா கப்பலை மறந்துவிட்டாயா? 1926இல் கிளாஸ்கோவில் பார்க்லே கர்ல் என்ற கம்பெனி கட்டியது, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காக. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இப்போதைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று ஓடியது. ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். எண்ணாயிரத்துச் சொச்சம் டன்தான், அட்லாண்டிக் ராணிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் குட்டி. ஆனால் ஆரம்பத்தில் அதற்கு 5,000-க்கும் மேல் டெக் பயணிகளை, அதாவது அறையில்லாமல் தளத்திலேயே படுத்து வருபவர்களை, ஏற்ற அனுமதி இருந்தது! அறை டிக்கெட் சில டஜன் பேருக்குத்தான். மற்றவர்களுக்கு விரித்த பாயும் தலைமாட்டில் டிரங்குப் பெட்டியும். நம் ஊரில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், அலை தூக்கும் நேரம் பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டும். பெரியப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் கையால் எதையோ எட்டிப் பிடிப்பார்.

எல்லோரும் ஆசைப்பட்டுப் போனவர்கள் இல்லை. கங்காணி என்ற ஆள்பிடிக்கும் மேஸ்திரி சேர்த்தவர்களை மலாயாத் தோட்டத்துக்கு அனுப்பியதும் இதே தடத்தில்தான். பினாங்கில் இறங்கும் முன் ஜெரஜாக் தீவில் தடுத்து வைத்து நோய் சோதிப்பார்கள். 1938இல் இந்திய அரசு கூலி ஆட்களை அனுப்புவதைத் தடுத்தது. அதன்பின்னும் கப்பல் காலியாகவில்லை. கடைக்காரர்கள், கல்யாணத்துக்கு ஊர் வந்து திரும்புவோர், பெண்டு பிள்ளைகள் என்று கூட்டம் மாறிக்கொண்டது. வெங்காயமும் கூடவே போயிற்று.

ராஜுலாவின் ஜோடிக் கப்பல் ரோனாவைப் பற்றி நீ அமெரிக்காவில் இருந்துகொண்டும் கேள்விப்பட்டிராவிட்டால் ஆச்சரியப்பட மாட்டேன். இதே சிங்கப்பூர்த் தடத்தில் ஓடிய கப்பல்தான். போரில் துருப்புக் கப்பலாகி, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியாவுக்கு அப்பால் ஜெர்மானியர்கள் வானொலி அலையால் இயக்கிய குண்டில் மூழ்கியது. இறந்தவர்கள் 1,138 பேர். அதில் 1,015 பேர் அமெரிக்கச் சிப்பாய்கள். எதிரிக்கு அந்தக் குண்டின் பலன் தெரியக் கூடாதென்று உங்கள் அரசு பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. கப்பல் ஊழியரில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களில் செத்தவர்கள் நூற்றுக்கு மேல். டைட்டானிக் பணக்காரர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது வரை நமக்குத் தெரியும். இந்த லஸ்கர்களில், அதாவது இந்தியக் கப்பல் தொழிலாளிகளில், ஒருவர் பேர் சொல்லு பார்ப்போம்.

ராஜுலா போரிலிருந்து பிழைத்து வந்து 1973 வரை உழைத்தது. அதன்பின் பிரெஞ்சுக்காரர்களிடம் வாங்கிய 'பாஸ்டர்', 'சிதம்பரம்' என்ற பேரில் சென்னை–சிங்கப்பூர் ஓடியது. அட்லாண்டிக்கில் விமானம் ஜெயித்துப் பல வருஷம் ஆனபின்னும் இங்கே கப்பலுக்கு ஆள் இருந்தது. சாமான் நிறையக் கொண்டுபோகலாம், டிக்கெட்டும் கட்டுப்படியாகும். 1985இல் தீப்பிடித்துப் பலர் இறந்ததோடு அதுவும் முடிந்தது.

அதனால் உன் கப்பலுக்கு ஒரு கண்ணீர் விட்டால், ராஜுலாவுக்கும் ரோனாவுக்கும் இன்னொன்று விடு. டிசம்பரில் வருகிறாய் என்றால் திருச்சி வரை விமானம் போட்டுக்கொள், தம்பி மகன் கார் எடுத்து வருவான். பெரியப்பாவின் பெட்டியில் இருந்த பழைய காகிதங்களை எடுத்து வைத்திருக்கிறேன். மலாய் எழுத்து உள்ள சிலவற்றை உன் சம்பந்தியிடம் காட்ட வேண்டும். மருமகளுக்கு என் ஆசி.

உன்
மணி