தாட்சருக்குப் பின்னால் இருந்த தூதர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பருவநிலை மாற்றம் குறித்த தங்கள் தலையங்கம், பிரிட்டனின் அறிவியல் அமைப்பான ராயல் சொசைட்டியில் 1988 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் மார்கரெட் தாட்சர் ஆற்றிய உரையை நினைவுகூர்ந்தது. அவரை அவ்விஷயத்தில் அக்கறை கொள்ள வைத்த பிரிட்டிஷ் தூதர் கிரிஸ்பின் டிக்கெல்லையும் குறிப்பிட்டிருக்கலாம். வரலாறு படித்து 1954இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த அவர், 1970களின் நடுவில் ஹார்வர்டில் ஓராண்டு தங்கிப் பருவநிலையை ஆராய்ந்து, 1977இலேயே அதற்கும் உலக அரசியலுக்கும் உள்ள தொடர்பை நூலாக எழுதினார். வேதியியல் பட்டதாரியான பிரதமருக்கு வரலாற்று மாணவர் ஒருவர் அறிவியலை எடுத்துரைத்தது விந்தைதான்!

மெக்சிகோவில் தூதராகவும் ஐ.நா.வில் பிரிட்டனின் நிரந்தரப் பிரதிநிதியாகவும் பணியாற்றிய பின், 1990இல் ஆக்ஸ்போர்டின் கிரீன் கல்லூரித் தலைவரானார். ஓய்வுபெறும் தூதர்களுக்கு இத்தகைய பதவி வெறும் அலங்காரம் என்பார்கள். இவரோ 1997 வரை அங்கிருந்தபடியே சூழலியலுக்காக ஓயாமல் வாதாடினார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்