இந்த மாதச் சவால்: பாடும் மீன்

அக்காமார், தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம். இந்த முறை துணித்துண்டுகளை அடித்துணியில் வைத்துக் கையால் தைத்து, மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைச் செய்யப்போகிறோம். அது பாடிக் கேட்டதாகச் சொல்பவர்கள் உண்டு, கண்டவர்தான் இல்லை. ஆகவே உங்கள் மீன் எப்படி வந்தாலும் பிழை சொல்ல ஆளில்லை! கடற்கன்னி மட்டும் வேண்டாம், அந்த உருவம் ஊரில் போதுமான அளவு இருக்கிறது.

அளவு 8 அங்குலச் சதுரம். மருதமுனைக் கைத்தறிச் சாரன் வெட்டுத்துண்டுகளைப் பையில் போட்டு ஞாயிறு பின்னேரம் கல்லடிக்குக் கொண்டுவாருங்கள். யார் பை யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கலில். கிடைத்த துண்டு எல்லாம் வேலையில் வரவேண்டும், பிடிக்காத நிறமும்தான். (போன முறை அந்தக் கத்தரிப்பூ நிறத்தைத் தந்தது யார் என்ற விசாரணை இன்னும் முடியவில்லை.)

கடும் நிறத் துண்டுகளைத் தனியாக அலசித் தாருங்கள், சாயம் இறங்கினால் வெள்ளை அடித்துணி கெட்டுவிடும். கைத்தறி வெட்டிய ஓரத்தில் நூல் பிரியும். கால் அங்குலம் உள்ளே மடித்துத் தையுங்கள். மெஷின் கூடாது. பசையால் ஒட்டிப் பிடிபட்டால் எல்லோருக்கும் தேத்தண்ணி உங்கள் செலவு. வரமுடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.