சட்டைத் துணியில் ஆறு தெரிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழல் சீர்கேட்டுக்கு நம் நுகர்வுப் பழக்கமே காரணம், ஒவ்வொருவரும் பார்த்து வாங்கத் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கருத்து அண்மைக் காலமாகப் பலராலும் வலியுறுத்தப்படுகிறது. நொய்யல் ஆற்றின் கரையில் பிறந்து வளர்ந்த என்னால் இதை ஏற்க முடியவில்லை.

பருத்தித் துணியில் சாயம் ஏற நிறைய உப்பு வேண்டும். சாயம் துணியில் தங்கிவிடும். உப்போ அலசிய நீரோடு வெளியேறிவிடும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் அந்த நீர் ஆண்டுக்கணக்கில் நொய்யலில் கலந்தது. முதலில் அமைக்கப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தனவே தவிர, உப்பை நீக்கவில்லை. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. எங்கள் கிணற்று நீரைப் பாய்ச்சி, ஈரம் காய்ந்த பிறகு பார்த்தால், வாய்க்கால் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தென்னையில் குரும்பைகள் உதிர்ந்தன. மாடுகள் தொட்டித் தண்ணீரில் வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அந்த ஆண்டுகளில் திருப்பூர்ப் பனியனை வாங்கி உடுத்தியவர்கள் யாரும் எங்கள் நிலம் பாழாக வேண்டும் என்று நினைத்தவர்கள் அல்லர். கழுத்துப் பட்டியில் அளவு இருந்தது, நூறு சதவீதப் பருத்தி என்று இருந்தது, எப்படித் துவைக்க வேண்டும் என்றுகூட இருந்தது. அலசிய நீர் எந்த ஆற்றில் விடப்பட்டது என்பது மட்டும் இல்லை. கண்ணுக்கே தெரியாத ஒன்றைக் கடையில் நின்று எப்படித் தேர்ந்தெடுக்க முடியும்?

பட்டறைக்காரர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் உறவினர் ஒருவர் அப்போது சிறிய பட்டறை நடத்திவந்தார். "நான் மட்டும் உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரம் போட்டால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி ஏறும், ராத்திரியில் தண்ணீரைத் திறந்துவிடுகிறவனுக்குத்தான் ஆர்டர் போகும்" என்று அவர் வருந்திச் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. நேர்மையானவர் நட்டப்படாமல் தொழில் செய்ய வேண்டுமானால், எல்லோருக்கும் ஒரே கட்டாயம் இருக்க வேண்டும். அதை வாங்குபவர்களால் விதிக்க முடியாது.

தண்ணீர் மாசைத் தடுப்பதற்கான சட்டம் 1974 முதலே இருந்தும், அது எங்கள் ஊர்வரை வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின. ஆற்றுப் பாசனப் பகுதியான ஆயக்கட்டின் விவசாயிகள் சலிக்காமல் வழக்கு நடத்தியதன் பயனாக, கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்று உத்தரவிட்ட சென்னை உயர் நீதிமன்றம், அது நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. தொழிலாளர்கள் வேலையிழந்து பட்ட துன்பம் சிறிதல்ல. ஆனால் அதன் பிறகுதான் ஆர்.ஓ. முறையும் ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் முறையும் நிலைபெற்றன. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும்பகுதி நீரை மீட்டுப் பட்டறைகளுக்கே திருப்பித் தருகின்றன. ஆர்டர் பறிபோகும் என்ற அச்சமே பெரிதாயிருந்தவரை இது நடக்கவில்லை. ஆலை ஓடாது என்ற நிலை வந்ததும் நடந்தது.

பட்டறைகள் மூடிக் கிடந்தபோது துணிகள் சாயமேற்ற வெளி மாநிலங்களுக்குப் போயின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் மட்டும் இறுகும் விதி, கழிவை வேறோர் ஊரின் ஆற்றுக்கு அனுப்பிவிடும். ஆகவே இந்தக் கட்டாயம் நாடு முழுவதற்கும் ஒன்றாக வேண்டும்.

எங்கள் பகுதியில் இன்றும் மழை இரவுகளில் ஓடைகளில் நுரை மிதந்து வருவதைப் பார்க்கிறோம். ஒவ்வொரு பட்டறையும் எவ்வளவு நீர் எடுத்தது, எவ்வளவு நீரைச் சுத்திகரிப்புக்கு அனுப்பியது என்ற அளவீட்டை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாள்தோறும் அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதி வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் இருந்தால், அது எந்த ஓடைக்குப் போகிறது என்பதை ஊர்க்காரர்களே காட்டிக்கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
நொய்யல் கரை விவசாயி ஒருவர்,
காங்கேயம் வட்டம்.