தலைக்குள்ள இருக்கிற லிஸ்ட்டை இறக்கி வை மகள்

அன்பு மகளுக்கு,

நேற்று போன்ல நீ சொன்னதுகளைக் கேட்டிட்டு இரவு கனநேரம் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான், அதுதான் எழுதுறன், போன்ல எண்டா பிள்ளையள் இடையில வந்திடுவினம், நீயும் ஓம் அம்மா ஓம் அம்மா எண்டு வைச்சிடுவாய். ஓகஸ்டில பிள்ளையளோட கனடாவில இருந்து இங்க கொழும்புக்கு வர டிக்கெட் போட்ட நாளில இருந்து நீ ஒழுங்கா நித்திரை கொள்ளேல்ல எண்டு உன்ர குரலிலயே தெரியுது. எதைக் கொண்டு வாறது, எங்க போறது, ஆர் வீட்டுக்குப் போகாட்டிக் கோவிப்பினம், பெரியவன்ர இன்ஹேலர், சின்னவளின்ர சாப்பாடு, எல்லாம் உன்ர தலைக்குள்ளதான் கிடக்கு. வீட்டில வேற ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. மருமகன் நல்ல பிள்ளை, சொன்னா உடன செய்வார், ஆனா ஒவ்வொண்டையும் ஞாபகம் வைச்சு அவருக்குச் சொல்லுறதே உனக்கு ஒரு வேலையாப் போச்சு. அதை முதல் மாத்து.

ஒரு பெரிய பேப்பரில எல்லாத்தையும் எழுதி ஃப்ரிட்ஜில ஒட்டு, ஒவ்வொண்டுக்குப் பக்கத்திலயும் ஆற்ற பொறுப்பு எண்டு பேரை எழுது. பாஸ்போர்ட், விசா, டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் மருமகன்ர பேரில போகட்டும், அரைவாசி இல்ல, முழுசா. கனடாவில சின்னப் பிள்ளையளின்ர பாஸ்போர்ட் 5 வருஷத்துக்குத்தானே, அதால திகதியை இப்பவே பாக்கச் சொல்லு, இங்க வந்து இறங்கிற நாளில இருந்து 6 மாசமாவது கையில இருக்கோணும். நீ பிள்ளையளோட முதல் வாறாய், அவர் லீவு கிடைச்சுப் பிறகு வாறார் எண்ட படியால் அவர் சம்மதம் எண்டு ஒரு கடிதம் கையெழுத்து வைச்சுத் தரோணும், தாயோ தகப்பனோ தனியப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போகேக்க அது கையில இருக்கிறது நல்லது எண்டு கனடா அரசாங்கமே சொல்லுது. எல்லாத்தையும் ஒரே ஃபைலில போட்டு, போட்டோவும் எடுத்து எனக்கும் வட்ஸ்அப்பில அனுப்பச் சொல்லு. இங்கயும் ஒரு கொப்பி இருக்கட்டும்.

அவர் பிந்தி வாறது ஒருவகைக்கு வசதிதான் மகள். பாரமான சாமான் எல்லாத்தையும் அவர் கொண்டு வரட்டும். மாமிக்குச் சொக்லேட், சித்திக்கு ஷம்பூ, பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது இது எண்டு நீ ரெண்டு பிள்ளையளையும் பிடிச்சுக்கொண்டு தோஹா எயார்ப்போர்ட்டில இழுபட வேண்டாம். வெறுங்கையோட வந்தாய் எண்டு இங்க ஒருத்தரும் சொல்லமாட்டினம், சொன்னா நான் பாத்துக்கொள்ளுறன்.

கையில கொண்டு வாற பாக் விஷயத்தில மட்டும் நீ கவனமா இருக்கோணும். பெரிய சூட்கேஸ் ஒரு நாள் பிந்தி வந்தாலும் சமாளிக்கிற மாதிரி அந்த பாக் இருக்கோணும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிப் பை எடு, அதுக்குள்ள ஒரு ரீசேர்ட், ஒரு காற்சட்டை, உள்ளுடுப்பு, சொக்ஸ் எண்டு ஒரு முழு செட்டை உருட்டி வைச்சு, காத்தை அமத்தி வெளிய எடுத்து மூடு, மேல மார்க்கரில பேரை எழுது. பிளேன்ல பிள்ளை சத்தி, வாந்தி எடுத்தா உடுப்பைத் தேடிக்கொண்டு நிக்கத் தேவையில்ல, பையைத் திறந்து மாத்திப்போட்டு ஊத்தை உடுப்பை அதே பைக்குள்ள போட்டு மூடலாம், மணக்காது. உனக்கும் ஒரு மேற்சட்டை வை, அதைத்தான் எல்லாத் தாய்மாரும் மறக்கிறது, பிள்ளை சத்தி எடுக்கிறது உன்ர மடியிலதானே. சூட்கேஸையும் இந்த மாதிரியே அடுக்கலாம், ஒரு நாளுக்கு ஒரு பை, அப்ப யாழ்ப்பாணத்துக்குப் போகேக்க அஞ்சு பையைத் தூக்கி வேற பாக்கில போட்டா வேலை முடிஞ்சுது.

பவர் பாங்கைப் பெரிய சூட்கேஸில போட்டிடாத, அது கையிலதான் வரோணும். இங்க கரண்ட் 230 வோல்ட், போன் சார்ஜர், லப்டொப் சார்ஜர் பிரச்சினையில்ல, ஆனா உன்ர தலைமயிர் காய வைக்கிற மெஷினைக் கொண்டு வராத, அது அங்கத்தைய 120க்குச் செய்தது எண்டா எரிஞ்சு போகும். என்னட்ட ஒண்டு கிடக்கு.

பிள்ளையளுக்கு முதுகில போடுற பாக் ஒவ்வொண்டு குடு. அதுக்குள்ள என்ன வைக்கிறது எண்டு அதுகளே முடிவெடுக்கட்டும், நீ சொல்லுறது ரெண்டே ரெண்டு, தண்ணிப் போத்தலும் ஸ்வெட்டரும் கட்டாயம், பிறகு அந்த பாக்கை வேற ஒருத்தரும் தூக்கமாட்டினம். பெரியவன் பத்துக் காரும் வைச்சிட்டு வீட்டுக்குள்ள ரெண்டு தரம் நடந்து பாத்தா ஏழு காரைத் தானே வெளிய எடுப்பான். அவனுக்கு இன்னொரு வேலையும் குடு, ஒவ்வொரு இடத்தில இருந்து எழும்பேக்கயும் எங்கட சாமான் எத்தினை எண்டு எண்ணிச் சொல்லுறது. அவனுக்கு எண்ண விருப்பம், உனக்கு ஒரு வேலை குறையும்.

மருந்து உன்ர பொறுப்பு, அதை ஒருத்தரிட்டயும் குடுக்காத. இன்ஹேலர் ரெண்டு கொண்டு வா, ஒண்டு உன்ர கைப்பாக்கில, மற்றது பெரியவன்ர பாக்கில, வெயில்ல நிக்கிற வானுக்குள்ள விட்டிட்டு இறங்காதேங்கோ. காய்ச்சல் மருந்து பற்றித்தான் எனக்குக் கூடக் கவலை. கொழும்பில டெங்கு எப்பவும் இருக்கு மகள், மழை பெய்ஞ்சு விட்டா இன்னும் கூட. டெங்கைப் பரப்புற நுளம்பு இரவில இல்ல, பகலிலதான் கடிக்கும், விடியவும் பின்னேரமும் கூட. அதால நுளம்புக் கிறீம் காலமை பல்லு மினுக்கின உடன பூசோணும், படுக்கேக்க பூசிறதோட நிப்பாட்டிறேல்ல. பிள்ளைக்கு இங்க காய்ச்சல் வந்தா நீ அங்க குடுக்கிற அட்வில் குடுக்கவே குடுக்காத, அது ஐபுபுரோஃபன், டெங்கு எண்டா ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பனடோல்தான் குடுக்கிறது. இங்கத்தைய பனடோலும் அங்கத்தைய டைலனோலும் ஒரே மருந்துதான், பரசிற்றமோல், ஆனா சிரப்பில செறிவு வித்தியாசம், அங்கத்தைய கணக்கில கரண்டியால ஊத்தாம போத்தல்ல இருக்கிறதை வாசிச்சு பிள்ளையின்ர நிறைக்குப் பாத்துக் குடு. டொக்டர் ரத்தம் பாக்கச் சொன்னா அண்டைக்கே பாப்பம். வயித்தோட்டத்துக்குத் தண்ணில கரைச்சுக் குடுக்கிற ஜீவனி பக்கெட் வேண்டி வைச்சிருக்கிறன். அம்புலன்ஸ் 1990, காசில்ல, அந்த நம்பரையும் போன்ல போட்டு வை.

இனி எங்க போறது எண்ட கதை. நீ அனுப்பின பிளானைப் பாத்தன் மகள். கண்டி, சிகிரியா, எல்ல, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை, எல்லாம் மூண்டு கிழமையில. பெரியாக்களே களைச்சுப் போவினம். ரொறன்ரோவுக்கும் இங்கைக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம், வந்து முதல் நாலஞ்சு நாளைக்குப் பிள்ளையள் இரவு ரெண்டு மணிக்கு முழிச்சுக்கொண்டு பசிக்குது எண்டு நிப்பினம். அந்த நாளில ஒண்டும் போடாத. நான் இடியப்பமும் வாழைப்பழமும் மேசையில மூடி வைக்கிறன், நீ எழும்பத் தேவையில்ல, அந்த நேரம் அம்மம்மா முறை. பின்னேரம் இங்க கொழும்பில காலிமுகக் கடற்கரைத் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டம் விடட்டும், இறால் வடை சாப்பிடட்டும், அதுவே அதுகளுக்குக் காணும். ஒரு நாளுக்கு ஒரு இடம், ரெண்டு நாள் வெளிய போனா ஒரு நாள் வீட்டில, இதுதான் என்ர கணக்கு.

கடலுக்கு எண்டா ஓகஸ்டில காலிப் பக்கம் வேண்டாம், தென்மேல் பருவக்காத்தில கடல் கொந்தளிச்சுக் கிடக்கும், பிள்ளையளை இறக்கேலாது. அந்த மாசத்தில கிழக்குப் பக்கம்தான் அமைதி. பாசிக்குடாவில கனதூரத்துக்கு ஆழமில்ல, சின்னவளும் நிண்டு விளையாடுவாள். அதையும் யாழ்ப்பாணத்தையும் வைச்சுக்கொள், சிகிரியாவில படி 1200 கிட்ட, சின்னவளை ஆர் தூக்கிறது, அது அடுத்த முறைக்கு இருக்கட்டும், மலை ஓடாது.

யாழ்ப்பாணத்துக்கு ட்ரெயின் எண்டா புக்கிங் 30 நாளுக்கு முதல் திறக்கும், திருவிழாக் காலத்தில உடன முடிஞ்சிடும், நாளைச் சொன்னா அப்பா இங்க பாத்துக்கொள்ளுவார். வான் எண்டா விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுவம், பிள்ளையளை நித்திரையோட தூக்கிப் போட்டா புத்தளம் தாண்டித்தான் கண் முழிப்பினம். வெளிக்கிட முதல் பால் குடுக்காத, வெறும் பிஸ்கட் போதும். பிள்ளைக்குக் கார் சீட் வேணும் எண்டா வான்காரரிட்ட இப்பவே கேக்கோணும், கன வானில இராது. முறிகண்டியில எல்லாரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வேண்டி, கால் நீட்டிப்போட்டுத்தான் ஏறிறது, அதையும் நேரக்கணக்கில சேர்.

யாழ்ப்பாணத்தில நல்லூர் கந்தசாமி கோயிலுக்கு நீ தேர்த் திருவிழா அண்டுதான் போகோணும் எண்டு நிக்கிறாய். உன்ர ஆசை எனக்கு விளங்குது, எனக்கும் அந்த நாள் எண்டா மனம் அங்கதான். ஆனா அந்தச் சனத்துக்குள்ள சின்னவளைத் தோளில வைச்சாலும் அவளுக்கு மூச்சு முட்டும். 25 நாள் திருவிழா, வேற நாள் ஒண்டில போவம், நல்லூரில பூசை மணிக்குச் சரியா நடக்கும், நாங்கள் நேரத்தோட நிண்டாச் சரி. மத்தியானம் போகாத, மணல் காலைச் சுடும். அண்டைக்கு வெளிக்கிடேக்க ரெண்டு பேரையும் நிக்க வைச்சு ஒரு போட்டோ எடு. பிள்ளை தவறினா என்ன நிறச் சட்டை எண்டு பதட்டத்தில ஒரு தாய்க்கும் வாயில வராது, போட்டோவைக் காட்டலாம். முழங்கைக்கு உள்பக்கம் பேனையால நம்பர் எழுதிவிடு, உன்ர கனடா நம்பரில்ல, இங்க அது ஓஃபிலதான் கிடக்கும், அப்பாவின்ர நம்பர். தவறினா அந்த இடத்திலயே நிக்கோணும், இல்லாட்டிப் பிள்ளையளோட நிக்கிற ஒரு அம்மாவிட்டப் போய்ச் சொல்லோணும் எண்டு ரெண்டு பேருக்கும் இப்பவே சொல்லிப் பழக்கு, தமிழில சொல்லப் பழக்கு. தங்கட பேர், அப்பா பேர், அம்மம்மா வீடு வெள்ளவத்தை, இவ்வளவும் காணும்.

பேப்பரை எழுதி ஃப்ரிட்ஜில ஒட்டின உடன எனக்கு ஒரு போட்டோ அனுப்பு, என்ர பேரையும் ஒரு பக்கத்தில போடு, இரவுச் சாப்பாடும் உடுப்புத் தோய்க்கிறதும் எனக்கு. ரெண்டு பேரின்ர கால் அளவையும் சொல்லு, பாட்டா வேண்டி வைக்கிறன், செருப்புக் கொண்டு வர வேண்டாம்.

அன்புடன்
அம்மா