பத்திரத்தில் இருந்த வில்லங்கம்

அன்புள்ள மதி,

போன ஞாயிறு, "அஞ்சு வருஷமா கத்தினோமே, என்னம்மா மாறிச்சு?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் வீட்டு வாசலில் யாரோ மணியடித்தார்கள், போனை வைத்துவிட்டாய். உன் கோபம் எதனால் என்று எனக்கும் தெரியும். நம் மினியாபொலிஸ் போலீஸ் கறுப்பின மக்களிடம் நடந்துகொள்ளும் விதத்தைத் திருத்துவதற்காக 2025 ஜனவரியில் நகரத்தோடு போட்ட உடன்பாட்டை, மே மாதம் அதைப் போட்ட மத்திய அரசின் நீதி அமைச்சகமே வேண்டாம் என்று கைவிட்டது. ஆட்சி மாறியது, கையெழுத்தும் செல்லாமல் போனது.

உன் கேள்விக்குப் பாதி பதில்தான் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்ல, முதலில் அந்த ஷூ விஷயத்துக்குப் போக வேண்டும். நாம் இருவரும் இதுவரை அதைப் பேசியதே இல்லை.

2020 மே மாதம். கொரோனாவால் கல்லூரியை மூடிவிட்டார்கள், நீ வீட்டில் இருந்தாய். 25ஆம் தேதி, 38வது தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் முனையில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர்கள் கொன்றார்கள். ஊர்வலத்துக்குப் போகிறேன் என்று நீ கிளம்பிய அன்று, உன் ஷூக்களைத் துணி உலர்த்தும் மெஷினுக்குள் போட்டு மூடி வைத்தது நான்தான். நீ அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். வாசற்படியில் நின்று நான் கத்தினேன்: "நாங்களும் ரெண்டு பெட்டியோடதான் வந்தோம். யாரும் எங்களுக்குத் தூக்கிக் குடுக்கல. அவங்களுக்கு மட்டும் என்னவாம்?"

நான் பயந்திருந்தது உண்மை. ஆனால் வெறும் பயமாக இருந்திருந்தால் அந்தக் கடைசி வாக்கியம் வந்திருக்காது.

தமிழில் நாம் 'இனவெறி' என்கிறோம் இல்லையா? அந்தச் சொல்தான் என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது என்று நினைக்கிறேன். வெறி என்றால் கண் சிவக்க வேண்டும், வசைபாட வேண்டும். அப்படி ஒருவரையும் இந்த ஊரில் நான் நேரில் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நம் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போவார். வெறியைத் தேடினேன், கிடைக்கவில்லை, அதனால் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த வீடியோவில்கூடக் கழுத்தில் முழங்காலை வைத்திருந்தவர் ஒருவர்தான் என் கண்ணில் பட்டார். அவர் கெட்டவர், ஜெயிலில் போட்டால் சரியாகிவிடும். இன்னொரு போலீஸ்காரர் கூட்டத்தைப் பார்த்து நின்று, யாரும் கிட்டே வராமல் தடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஆசியக் குடும்பத்தில் பிறந்தவர். 9 நிமிடம் 29 விநாடி, தன் முதுகுக்குப் பின்னால் ஓர் உயிர் போவதை அவர் அப்படியே விட்டார். அவரை நான் வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன். அதே இடத்தில் டார்னெல்லா ஃப்ரேசியர் என்ற 17 வயதுப் பெண் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அவள் நிற்கவில்லை என்றால் வழக்கே இருந்திருக்காது. உன்னைவிடச் சின்னவள். அவள் அம்மா ஷூவை ஒளித்து வைக்கவில்லை.

சரி, பத்திரத்துக்கு வருகிறேன்.

2021 குளிர்காலத்தில் வட்டி குறைந்திருக்கிறது என்று அப்பா வீட்டுக் கடனை மாற்றி எழுதினார். அப்போது அலமாரியிலிருந்து அந்தத் தடித்த காகிதக் கட்டு வெளியே வந்தது. இங்கே அப்ஸ்ட்ராக்ட் என்பார்கள். நம் ஊர் தாய்ப்பத்திரம் மாதிரி, வீடு கைமாறிய கதை முழுவதும் அதில் இருக்கும். உன் தாத்தா சார்பதிவாளர் அலுவலக வாசலில் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவர். "முதல்ல நான்கெல்லையைப் பாரு, அடுத்து வில்லங்கத்தைப் பாரு, பணத்தைக் கடைசியில பாரு" என்பார். அந்தப் பழக்கத்தில்தான் நான் ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன்.

1941ஆம் வருஷத்துத் தாளில் இருந்தது வில்லங்கம். இந்த மனையை வெள்ளையர் அல்லாத எவருக்கும் விற்கவோ, அடமானம் வைக்கவோ, வாடகைக்கு விடவோ கூடாது. வீட்டு வேலைக்காரர்களாக இருந்தால் மட்டும் அவர்கள் தங்கலாம். அவ்வளவுதான், மூன்று வரி. மேலே தண்ணீர்க் குழாய் பற்றி ஒரு நிபந்தனை, கீழே வேலியின் உயரம் பற்றி ஒன்று, நடுவில் இது.

நான் அப்போது அடுப்படியில் நின்று படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாளின்படி இந்த வீட்டில் நான் சமையற்காரியாக இருக்கலாம்.

திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் வெறியே இல்லை, மதி. அச்சடித்த படிவம் அது. பெயரையும் மனை எண்ணையும் மட்டும் தட்டச்சு செய்திருந்தார்கள். யாரோ ஒருவர் முத்திரை குத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். நல்ல மனிதராகக்கூட இருந்திருப்பார்.

அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 'மேப்பிங் பிரஜுடிஸ்' என்று 2016இல் தொடங்கிய திட்டம் ஒன்று இருக்கிறது. மினியாபொலிஸ் நகரத்துக்குள் மட்டும் இப்படி 8,000க்கும் மேற்பட்ட பத்திரங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இவை ஏதோ தனி ஆட்களின் கெட்ட புத்தி என்று ஒதுக்க முடியாது. 1934இல் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க அமைத்த மத்திய அரசு நிறுவனமே, தன் கையேட்டில் இப்படி நிபந்தனை போடுவது நல்லது என்று எழுதியது. நிபந்தனை இருந்தால் கடன் சுலபம். கறுப்பின மக்கள் வசித்த பகுதிகளை இன்னொரு அரசு நிறுவனம் வரைபடத்தில் சிவப்பால் தீட்டியது. அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள். போரில் சண்டை போட்டுத் திரும்பியவர்களுக்கும் இதே கதிதான். 1947இல் மிசிசிப்பி மாநிலத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான உத்தரவாதத்தோடு 3,229 கடன்கள் கொடுத்தார்கள். அதில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை 2.

அந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் சொன்னது. மினசோட்டா 1953இல் புதிதாக எழுதுவதைத் தடை செய்தது. 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்ற ஒரு வாரத்தில், வீட்டு வசதிச் சட்டம் வந்தது. அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டதே என்றுதான் நானும் கேட்டிருப்பேன். ஆனால் வீடு என்பது இந்த நாட்டில் தங்குவதற்கு மட்டுமா? பிள்ளையின் படிப்பு, தொழிலுக்கு முதல், வயதான காலத்துச் செலவு எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு அதை மறுத்துவிட்டு, அடுத்த தலைமுறையிடம் 'இனி வாங்கிக்கொள், தடையில்லை' என்றால் எதை வைத்து வாங்குவது? 2022இல் மத்திய வங்கி எடுத்த கணக்கில், வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் வெள்ளைக் குடும்பம் ஒன்றின் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900.

இனி நம் கணக்கு. இங்கே அந்த நிபந்தனை இருந்த வீடுகள் இன்றைக்கும் மற்றவற்றைவிடக் கூடுதல் விலைக்குப் போகின்றன என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். "நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்" என்று நாம் தேடித் தேடி வாங்கிய வீடு இது. யார் அதை நல்லதாக்கினார்கள், யாரை வெளியே நிறுத்தி ஆக்கினார்கள் என்று கேட்கவில்லை. உன் கல்லூரிக் கட்டணத்துக்கு இந்த வீட்டின் மேல்தான் கடன் வாங்கினோம். யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை என்று வாசலில் நின்று கத்தினேனே, அந்த வாசலே அப்படி வந்ததுதான்.

இதையெல்லாம் புரிந்துகொள்ள நான் அமெரிக்க வரலாறு படித்திருக்கவே வேண்டியதில்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று இருந்த இடத்தில் வளர்ந்தவள்தானே? எங்கள் தெருவில் யாருக்கும் வெறி இல்லை. குழாய் எங்கே போட வேண்டும், பஸ் எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் எப்படியோ முடிவாகியிருந்தது. தாத்தா எழுதிய பழைய பத்திரங்களில் பெயருக்குப் பக்கத்திலேயே சாதி இருக்கும். அது எனக்கு வினோதமாகவே பட்டதில்லை. 1959இல் கிங் கேரளத்துக்கு வந்தபோது ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்கென்று இருந்தது, யோசித்தபோது உண்மை என்று பட்டது என்று கிங்கே பிறகு சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரே வாக்கியத்தில் புரிந்தது. எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இரண்டு பெட்டிக் கதைக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. பகத் சிங் திண்ட் என்ற சீக்கியர் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். அவர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? நான் உயர்சாதி, ஆரியன், ஆகவே வெள்ளையன். 1923இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாம் வர வழி திறந்தது 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தால். கறுப்பின மக்கள் அடி வாங்கி, நாய்க்கடி வாங்கி, சிறைக்குப் போய் நாட்டின் மனசாட்சியை உலுக்கிய அதே சில வருஷங்களில் வந்த சட்டம் அது. அதிலும் படித்தவர்களாகப் பொறுக்கி எடுத்துத்தான் உள்ளே விட்டார்கள். பொறுக்கிய விதையை நல்ல மண்ணில் ஊன்றிவிட்டு, பார் எப்படி முளைத்தேன் என்று பாறையில் விழுந்ததைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

துணை நிற்பது என்றால் என்ன என்பதில் நான் இன்னும் அரிச்சுவடிதான். முதல் முறை ஒரு கூட்டத்துக்குப் போனபோது, காந்தியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசட்டுமா என்று கேட்டேன். அதை நடத்திய கறுப்பினப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும், சிரித்துக்கொண்டே, நாற்காலி மடக்கத்தான் ஆள் வேண்டும் என்றார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மடக்கினேன். இப்போது மாதாமாதம் மடக்குகிறேன். அங்கே பேசுவதைவிடக் கேட்பதுதான் எனக்கு வேலை.

பேச வேண்டிய இடம் வேறு. நம் பேட்டையில் குறைந்த வாடகைக் குடியிருப்பு ஒன்று கட்டும் யோசனை வந்தபோது நகராட்சிக் கூட்டத்துக்குப் போனேன். போக்குவரத்து, பார்க்கிங், பள்ளியில் நெரிசல், 'இந்தப் பகுதியின் தன்மை' என்று ஒவ்வொருவரும் பேசினார்கள். நிறத்தைப் பற்றி ஒருவர்கூட ஒரு சொல் சொல்லவில்லை. எதிர்த்தவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். எனக்குக் கொடுத்த மூன்று நிமிடத்தில் 1941ஆம் வருஷத்து மூன்று வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வீட்டு நவராத்திரிக்கு அழைப்பு வரவில்லை. ஒரு வீட்டில் எப்படியும் சுண்டல் உப்புக் கரிக்கும். விருந்துகளில் யாராவது 'கருப்பனுங்க ஏரியா' என்று தமிழில் தணிந்த குரலில் சொன்னால், இப்போது நானும் தமிழில், தணியாத குரலில் கேட்கிறேன். அதுதான் எனக்குக் கஷ்டமான வேலை, நாற்காலி ஒன்றுமே இல்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். மான்ட்கோமரியில், நிறம் பார்த்து இருக்கை ஒதுக்கிய பஸ்ஸைக் கறுப்பின மக்கள் புறக்கணித்தது 381 நாள். இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸை எல்லோருக்கும் தெரியும். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரரை நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? கிங் மேல் போட்ட வழக்கில் சாட்சி சொன்னதற்காக வேலையை இழந்தவர். கேக்கும் பை (pie) என்ற பலகாரமும் கோழி வறுவலும் விற்று, அந்தக் காசில் மக்களை ஏற்றிச் சென்ற கார்களுக்குப் பெட்ரோல் போட்டார்கள் அவரும் அவர் தோழிகளும். சமைத்துக் கொடுத்த பெண்கள் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள், பெயர் தெரிந்தால் பிழைப்பு போய்விடும். அதனால் பணம் எங்கிருந்து வந்தது என்றால் 'எங்கிருந்தும் இல்லை' என்பார்கள். குழுவின் பெயரே அதுதான். அந்த 200வது நாளில் அவரிடம் யாராவது, என்ன மாறிச்சு என்று கேட்டிருந்தால், அடுப்பில் கேக் இருக்கிறது, அப்புறம் வா என்றிருப்பார்.

மத்திய அரசு கைவிட்டாலும், மாநில மனித உரிமைத் துறையோடு நகரம் போட்ட உடன்பாடு நீதிமன்றத்தின் மேற்பார்வையில் இன்னும் நடக்கிறது. செய்தியில் அது பெரிதாக வராது, நீயும் பார்த்திருக்க மாட்டாய். நீ கிளம்பிப் போன அந்தச் சாயங்காலம் இல்லையென்றால், 1941ஆம் வருஷத் தாளை நான் குழாய் நிபந்தனையோடு சேர்த்துப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். ஒரு கிழவியின் மனசு மாறியதெல்லாம் கணக்கா என்று கேட்பாய். கணக்கில் சேர்த்துக்கொள், பெரிதாக வேண்டாம்.

புதன்கிழமை இரவுகளில் கணினியில் உட்கார்ந்து அந்த 'மேப்பிங் பிரஜுடிஸ்' திட்டத்துக்காகப் பழைய பத்திரங்களைப் படித்துக் கொடுக்கிறேன். எந்தத் தாளில் அந்த வரி இருக்கிறது என்று குறிப்பதுதான் வேலை. தாத்தாவின் புத்தி இத்தனை வருஷம் கழித்து உதவுகிறது. நம் வீட்டு வரியையும் கைகழுவியாயிற்று. 2019இல் வந்த மாநிலச் சட்டப்படி, நானும் அப்பாவும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு ஹென்னபின் கவுன்டியில் பதிந்துவிட்டோம். பழைய வரியை அழிக்க மாட்டார்கள். 'இதை நாங்கள் ஏற்கவில்லை' என்று ஒரு தாள் சேரும், அவ்வளவுதான். அழிக்கவில்லையே என்று அப்பாவுக்கு வருத்தம். எனக்கு இல்லை. பத்திரத்தில் அடித்தல் திருத்தல் ஆகாது, பிழைதிருத்தல் பத்திரம் தனியாக எழுதி, பழையதையும் கூடவே வைக்க வேண்டும் என்பார் தாத்தா.

நகல் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். நவம்பரில் வரும்போது அப்பாவின் செருப்பைக் கொண்டு வா. ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உன் ஷூ ரெண்டும் இங்கேதான் இருக்கிறது, வாசலில்.

அம்மா